பதினெட்டு ஊர்களின் கணக்கு

கடலூர் மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்த 18 சிற்றூர்களைப் பற்றிய ஒரே அட்டவணையை மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டு, ஒன்றோடொன்று ஒத்துவராத முடிவுகளை ஒரே ஆய்விதழில் வெளியிட்ட நிகழ்வு, 2005, 2006ஆம் ஆண்டுகளில் கடலியல் அறிஞர்களிடையே பெரும் விவாதமாக எழுந்தது. எண்களைக் கொண்டு ஆய்வு செய்ய விரும்பும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் புள்ளியியலில் எதைக் கற்க வேண்டும் என்பதை அந்த விவாதம் எடுத்துக்காட்டும் அளவுக்குத் தெளிவாக வேறெதுவும் எடுத்துக்காட்டுவது அரிது. அந்த அட்டவணை பிறந்த இடம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் என்பதால், தமிழ் வாசகர்களுக்கு அது அயலார் கதையும் அன்று.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள பிச்சாவரத்தைச் சுற்றுவட்டார மக்கள் சுரபுன்னைக் காடு என்றே அழைக்கின்றனர். சுரபுன்னை, வெண்கண்டல் ஆகிய மரங்களோடு, சிதம்பரத்தின் பழம்பெயருக்குக் காரணமான தில்லை மரமும் வளரும் அலையாத்திக் காடு அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேவனாம்பட்டினம் போன்ற திறந்த கடற்கரை மீனவ ஊர்கள் பெரும் இழப்பைச் சந்திக்க, காட்டுக்குப் பின்னால் இருந்த சில ஊர்கள் பெரிய சேதமின்றித் தப்பின. காடுதான் காத்தது என்ற பேச்சு அடுத்த சில நாள்களிலேயே எங்கும் பரவியது. பரவலாகப் பேசப்படும் ஒரு கூற்றை அளந்து சோதிக்கும் வேலையை ஆய்வாளர்கள் அதன் பிறகே தொடங்கினர்.

முதற் கணக்கு

பரங்கிப்பேட்டையில் இயங்கும் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் இணைந்த ராஜேந்திரனும் அப்பகுதியின் 18 சிற்றூர்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் ஏற்பட்ட உயிரிழப்பு, பொருளிழப்பு ஆகியவற்றையும், அவ்வூர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதன் முன்னால் உள்ள தாவரப் பரப்பு எவ்வளவு என்பனவற்றையும் திரட்டி, 2005ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். புள்ளியியலில் இப்படி ஊருக்கு ஊர் வேறுபடும் ஒவ்வோர் அளவுக்கும் மாறி என்று பெயர். எதனை விளக்க விரும்புகிறோமோ அது, அதாவது இங்கே இழப்பு, சார்ந்த மாறி. எவற்றைக் கொண்டு விளக்க முயல்கிறோமோ அவை, அதாவது தொலைவு, உயரம், தாவரப் பரப்பு ஆகிய மூன்றும், விளக்கும் மாறிகள். தாவரப் பரப்பும் தொலைவும் உயரமும் கூடக்கூட இழப்பு குறைந்தது என்பது அவர்களின் முடிவு. குடியிருப்புகள் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த தாவரங்களுக்குப் பின்னால் அமைய வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை.

இரண்டு மாறிகள் சேர்ந்து கூடுவதையோ, ஒன்று கூட மற்றது குறைவதையோ அளப்பதற்குப் பயன்படும் எண் ஒட்டுறவுக் கெழு எனப்படும். அது மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை அமையும். சுழியத்தை நெருங்கும்போது அவ்விரண்டுக்கும் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை என்று கொள்ளலாம். எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மாறிகளைக் கூட 18 ஊர்களில் அளந்தால், தற்செயலாகவே ஒரு சிறு ஒட்டுறவு தென்படும் என்பதால், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவு எது என்ற கேள்வி எழுகிறது. தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்ற வழக்கமான வரம்பை ஏற்றுக்கொண்டால், 18 ஊர்களுக்கு அந்த அளவு 0.468, 100 ஊர்கள் இருந்தால் 0.197 போதும். 0.468 என்ற எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 0.22 கிடைக்கிறது. ஊருக்கு ஊர் காணப்படும் இழப்பின் வேறுபாட்டில் 22 விழுக்காட்டை அந்த ஒரு மாறி விளக்குகிறது என்பது அதன் பொருள். முதுநிலை மாணவர் ஒருவர் அந்த வரம்பைத் தாண்டியதைக் காட்டும் நட்சத்திரக் குறியோடு கணினித் திரையில் தோன்றும் கெழுவைக் கண்டு மகிழும்போது, மீதமுள்ள 78 விழுக்காட்டையும் நினைவில் கொள்ள வேண்டியவராகிறார்.

காடு எங்கே வளர்கிறது?

இதற்கும் மேலான சிக்கல் ஒன்று அட்டவணைக்குள்ளேயே இருந்தது. அலையாத்தி மரங்கள் அலை மோதும் திறந்த கரையில் வேரூன்றுவதில்லை. மணல்திட்டுக்குப் பின்னால், ஆற்று முகத்துவாரங்களின் ஓதநீர் ஏறி இறங்கும் அமைதியான சேற்று நிலத்திலேயே அவை வளர்கின்றன. ஆகவே அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊராகவும் இருக்கும். அவ்வூர் தப்பியது மரங்களாலா, தொலைவாலா என்பதை, இழப்பையும் தாவரப் பரப்பையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல இயலாது. விளக்கும் மாறி ஒன்றோடும் சார்ந்த மாறியோடும் ஒருசேரத் தொடர்பு கொண்டு, இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் மூன்றாவது மாறியைக் குழப்பு மாறி என்பர். பிச்சாவரத்தில் தொலைவும் உயரமும் அத்தகைய குழப்பு மாறிகள்.

குவாம் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கெர், ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ பேர்டு, இவர்களோடு ஸ்டூவர்ட் கேம்பெல் ஆகிய மூவரும் 2006ஆம் ஆண்டில் இதே அட்டவணையை மறுபகுப்பாய்வு செய்தனர். அவர்கள் மூன்று மாறிகளையும் தனித்தனியே இழப்போடு ஒப்பிடுவதை விடுத்து, ஒரே சமன்பாட்டில் ஒருங்கே வைத்தனர். இம்முறைக்குப் பன்மாறித் தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு என்று பெயர். ஒரே தொலைவிலும் ஒரே உயரத்திலும் இருக்கும் ஊர்களைத் தம்முள் ஒப்பிட்டால், அவற்றின் தாவரப் பரப்பு வேறுபாடு இழப்பிலும் வேறுபாட்டைக் காட்டுகிறதா என்ற கேள்விக்கு இம்முறை விடை தேடுகிறது. உயிரிழப்பில் ஊருக்கு ஊர் கண்ட வேறுபாட்டில் 87 விழுக்காட்டைத் தொலைவும் உயரமும் மட்டுமே விளக்கிவிட, தாவரப் பரப்பைச் சேர்ப்பதால் மேலும் கிடைத்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே என்பது அவர்கள் கண்ட விடை.

இந்த ஒரு விழுக்காட்டைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன் தரும். தாவரப் பரப்பு முழுதாக ஒரு விழுக்காட்டை விளக்கியதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது விளக்கப்படாமல் எஞ்சுவது 12 விழுக்காடு. 18 ஊர்களின் தரவிலிருந்து மூன்று மாறிகளுக்கு மூன்று கெழுக்களையும் ஒரு மாறிலியையும் கணக்கிட்ட பிறகு, பிழையை மதிப்பிட மிஞ்சும் தனித் தகவல்கள் 14 மட்டுமே. 12ஐ 14ஆல் வகுத்தால் 0.857 கிடைக்கும், இதுவே தற்செயலின் சராசரி அளவு. தாவரப் பரப்பு விளக்கிய 1ஐ இந்த 0.857ஆல் வகுத்தால் கிடைக்கும் 1.17 என்ற எண், எஃப் மதிப்பு எனப்படுகிறது. 5 விழுக்காட்டு வரம்பில் தாண்ட வேண்டிய எல்லை 4.60. அதை எட்ட வேண்டுமானால் தாவரப் பரப்பு தன் பங்காக ஏறத்தாழ 3.2 விழுக்காட்டை விளக்கியிருக்க வேண்டும். மென்பொருள் ஒரு நொடியில் தரும் விடையை, கூட்டல் வகுத்தல் தெரிந்த எவரும் தாளில் சரிபார்க்கலாம் என்பதும், அப்படி ஒரு முறையேனும் சரிபார்த்தவருக்கே அந்த எண் எதைச் சொல்கிறது என்பது விளங்கும் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கவை.

மெய்ப்பிக்கப்படாததும் இல்லாததும்

காட்டுக்குப் பயனே இல்லை என்பது இதனால் நிறுவப்பட்டுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. விளக்கும் மாறிகள் தமக்குள் நெருங்கிய தொடர்பு கொண்டிருக்கும்போது, ஒவ்வொன்றின் தனிப் பங்கையும் பிரித்தறியும் ஆற்றலைத் தரவு இழந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, தாவரப் பரப்பின் வேறுபாட்டில் 90 விழுக்காட்டைத் தொலைவையும் உயரத்தையும் கொண்டே கணித்துவிட முடியும் என்ற நிலை இருக்குமானால், தாவரப் பரப்புக்குரிய கெழுவின் திட்டப்பிழை, அதாவது அம்மதிப்பீட்டில் உள்ள தடுமாற்றத்தின் அளவு, மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடும். அந்நிலையில் 18 ஊர்கள் தரும் விடை, ‘பயன் இல்லை’ என்பதாக இராது. ‘பயன் உண்டா, இல்லையா என்பதைப் பிரித்துச் சொல்லும் வலிமை இத்தரவுக்கு இல்லை’ என்பதாகவே இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது முதுநிலை ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் குறைகளுள் ஒன்று.

இந்தத் தடுமாற்றத்துக்கு இடம் இருந்ததால்தான், அதே 2006ஆம் ஆண்டில் யான் வெர்மாட், உதோம்லக் தம்பன்யா ஆகிய இருவரும் அதே 18 ஊர்களின் தரவை மீண்டும் வேறொரு வகையில் பகுத்துப் பார்த்து, அலையாத்திக் காடுகள் சேதத்தைக் குறைக்கவே செய்தன என்று மறுமொழி எழுதினர். மூன்று குழுக்களும் ஒரே எண்களைக் கையாண்டிருந்தும் முடிவுகள் வேறுபட்டதற்கு, கூட்டல் பிழையைக் காரணமாகக் காட்ட முடியாது. எந்த மாறிகளைச் சேர்ப்பது, அவற்றை எந்த வடிவில் சேர்ப்பது, எந்த ஊர்களை எவற்றோடு ஒப்பிடுவது என்ற தேர்வுகள் ஒவ்வொன்றும், கடலையும் காட்டையும் பற்றி ஆய்வாளர் கொண்ட கருத்திலிருந்து பிறப்பவை. அந்தக் கருத்தை எந்த மென்பொருளும் தானாக வழங்குவதில்லை.

அட்டவணைக்கு வெளியே இருந்தும் சான்றுகள் வந்தன. பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று, கடலூர் மாவட்டக் கரையின் செயற்கைக்கோள் படங்களை ஆழிப்பேரலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, 2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டது. பிச்சாவரத்தை ஒட்டிய ஊர்களுள் கரையோரம் இருந்த இரண்டு முற்றிலும் அழிந்ததையும், காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று தப்பியதையும், மாவட்டத்தின் வேறு பகுதியில் சவுக்குத் தோப்புகளுக்குள் இருந்த ஐந்து ஊர்கள் பகுதிச் சேதத்தோடு நின்றதையும் அது பதிவு செய்தது. ஆயினும், காட்டுக்குப் பின்னால் இருப்பதும் கடலிலிருந்து தள்ளியிருப்பதும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்ற முன்னைய சிக்கல் இவ்வொப்பீட்டையும் விட்டுவிடவில்லை.

விடையை நோக்கிய வழி

பிரித்தறிய முடியாத தரவுக்கு மருந்து, கடினமான பகுப்பாய்வு முறையில் இல்லை. நல்ல ஒப்பீட்டை அமைக்கும் தரவைத் தேடுவதில் இருக்கிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலை ஆராய்ந்த சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகிய இருவரும் கேந்திரபாடா மாவட்டத்தின் 409 ஊர்களை எடுத்துக்கொண்டனர். ஊர்கள் மிகுதியாக இருந்ததால், கடலிலிருந்து ஒரே தொலைவில், ஆனால் வெவ்வேறு அகலமுள்ள காடுகளுக்குப் பின்னால் அமைந்த ஊர்கள் கணிசமாகக் கிடைத்தன. காடு இயல்பாக வளரத்தக்க இடம் என்பதே பாதுகாப்பான இடமாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க, முற்காலத்தில் காடு பரவியிருந்த எல்லையையும் அவர்கள் சமன்பாட்டில் சேர்த்தனர். முன்பு காடாக இருந்து பின்னர் அழிக்கப்பட்ட இடத்துக்கும் இன்றும் காடாக இருக்கும் இடத்துக்கும் இடையிலான ஒப்பீடு, காட்டின் பங்கை இடத்தின் பங்கிலிருந்து பிரித்துக் காட்டியது. அகன்ற அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்றும், ஆனால் அரசு விடுத்த முன்னெச்சரிக்கை காட்டைவிட மிகுதியான உயிர்களைக் காத்தது என்றும் 2009ஆம் ஆண்டில் வெளியான அவர்களின் கட்டுரை தெரிவித்தது.

ஒடிசாவின் விடையை அப்படியே கடலூருக்குக் கொண்டுவந்துவிடவும் முடியாது. புயல் எழுப்பும் நீரேற்றமும் கடலடி நிலநடுக்கம் எழுப்பும் பேரலையும் உயரத்திலும் வேகத்திலும் நீடிக்கும் நேரத்திலும் வேறுபட்டவை. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆழிப்பேரலையின் விளைவுகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, குடியிருப்புக்கு முன்னால் இருந்த தாவரங்கள் உயிரிழப்பைச் சராசரியாக 5 விழுக்காடு குறைத்தன என்றும், குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அடர்ந்த தாவரங்கள் மாறாக இழப்பைக் கூட்டின என்றும் கண்டது. ‘காடு காக்குமா?’ என்ற ஒரே கேள்வி, ‘எத்தகைய அலையிலிருந்து, எந்த இடத்தில் இருக்கும் காடு, எவ்வளவு காக்கும்?’ என்ற கேள்வியாகக் கூர்மை பெற்றது. நல்ல பகுப்பாய்வு பல நேரங்களில் விடையைத் தருவதற்கு முன்பு கேள்வியைத் திருத்துகிறது.

இந்த நுணுக்கங்கள் ஆய்விதழ்களின் பக்கங்களோடு நின்றுவிடுபவை அல்ல. ஆழிப்பேரலைக்குப் பிறகு, உயிர்க்கேடயம் என்ற பெயரில் உலக வங்கியின் நிதியுதவியோடு தமிழகக் கடற்கரை நெடுகச் சவுக்கு மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. அயல்நாட்டு இனமான சவுக்கு, இயற்கையான மணல்மேடுகளையும், பங்குனி ஆமைகள் முட்டையிடும் திறந்த கடற்கரையையும் ஆக்கிரமிக்கிறது என்று சூழலியலாளர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மரம் காக்கும் என்ற பொது நம்பிக்கையை, எந்த மரம், எங்கே என்று பிரித்துப் பார்க்காமல் திட்டமாக்கும்போது, பிழையின் விலையைக் கடற்கரை கொடுக்க நேர்கிறது.

மாணவர் கற்க வேண்டியது

முனைவர் பட்டத்துக்கான பாடப்பகுதியில் ஆய்வு நெறிமுறை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றும், அதில் அளவுசார் முறைகளும் கணினிப் பயன்பாடும் அடங்கலாம் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிமுறைகளில் வகுத்தது. ஆயினும், பெரும்பாலான ஆய்வு மாணவர்கள் புள்ளியியலை நாடுவது, வினாப்படிவங்கள் எல்லாம் நிரப்பப்பட்டுத் திரும்பிய பிறகு, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் தரவை ஏற்றிவிட்டு, ‘எந்த டெஸ்ட் போடுவது?’ என்று விவரம் தெரிந்த ஒருவரைத் தேடும் கட்டத்தில்தான். 18 ஊர்களின் கணக்கு காட்டுவது போல, அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. தொலைவு ஒத்து, காடு வேறுபடும் ஊர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் களத்துக்குச் செல்வதற்கு முன்பே கடந்துவிடுகிறது. ஆகவே ஆய்வுத் திட்டத்தை எழுதும்போதே, எதிர்பார்க்கும் முடிவுக்கு மாற்றாக வேறெந்தக் காரணங்கள் இருக்கக்கூடும் என்று பட்டியலிட்டு, அவை ஒவ்வொன்றையும் அளக்கவோ ஒப்பீட்டால் விலக்கவோ வழி வகுப்பதே பகுப்பாய்வின் முதற்படியாகிறது.

அடுத்ததாகக் கற்க வேண்டியது, பி மதிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், நாம் கண்ட அளவோ அதைவிடப் பெரிய அளவோ தற்செயலாகத் தோன்றுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதே பி மதிப்பு. நம் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு அதுவன்று. விளைவின் பெருமை சிறுமையையும் அது சொல்வதில்லை. ரொனால்டு ஃபிஷர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வழியே பரவிய 5 விழுக்காட்டு வரம்பு, நாளடைவில் உண்மைக்கும் பொய்க்கும் இடையிலான எல்லைக்கோடு போலவே கையாளப்பட்டது. அதனைக் கண்டித்து அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்த வரம்பைத் தாண்டியதா என்பதோடு நிறுத்தாமல், விளைவின் அளவு என்ன, அதன் தடுமாற்ற எல்லைகள் என்ன என்பனவற்றையும் எழுதும் பழக்கமே ஆய்வேட்டுக்கு வலிமை சேர்க்கும்.

தரவின் அலகுகள் ஒன்றையொன்று சாராதவையா என்பது மூன்றாவது கேள்வி. ஒரே முகத்துவாரத்தின் வழியாக நுழைந்த அலையைச் சந்தித்த இரண்டு அண்டை ஊர்கள், இரண்டு தனிச் சான்றுகளுக்குச் சற்றுக் குறைவாகவே மதிப்புப் பெறும். ஒரே பள்ளியின் மாணவர்கள், ஒரே வங்கிக் கிளையின் வாடிக்கையாளர்கள், ஒரே குப்பத்தின் குடும்பங்கள் ஆகியோரிடம் திரட்டிய விடைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இவற்றுக்கெல்லாம் உரிய முறைகள், 1990களில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் உருவாக்கிய ‘ஆர்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. கருவிக்குப் பஞ்சமில்லாத காலத்தில், எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்ற தெளிவே பஞ்சமாகிறது.

18 ஊர்களைப் பற்றிய விவாதம் நடக்க முடிந்ததற்கே அடிப்படையான ஒன்று, கதிரேசனும் ராஜேந்திரனும் தம் முடிவை மட்டும் அறிவிக்காமல், அதற்கு ஆதாரமான எண்களையும் வெளியிட்டிருந்தது. அந்த எண்கள் அச்சேறாமல் இருந்திருந்தால், மறுப்பும் மறுமொழியும் எழுந்திருக்க வழியில்லை. முடிவோடு உடன்படாதவர்களும் பயன்படுத்திக்கொள்ளும்படி தரவை முன்வைப்பது, ஆய்வாளர் தம் துறைக்குச் செய்யும் பணிகளுள் முதன்மையானது. இதைக் கொண்டே கற்பித்தலையும் அமைக்கலாம். ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் சொந்தத் தரவைத் திரட்டக் களமிறங்குவதற்கு முன்பு, தம் துறையில் தரவோடு வெளியான கட்டுரை ஒன்றைத் தேர்ந்து, அதன் எண்களைத் தாமே மீண்டும் கணக்கிட்டு, மூல ஆசிரியரின் முடிவு எங்கே நிற்கிறது, எங்கே தளர்கிறது என்று எழுதித் தர வேண்டும் என ஒரு துறை விதிக்குமானால், அதற்குத் தனி நிதியோ புதிய ஆய்வகமோ தேவையில்லை. சிதம்பரத்து மாணவர்களுக்கு முதற்பயிற்சியாக அந்த 18 ஊர்களின் அட்டவணையே போதும்.